பாட்டுக்கு ஒரு லாக்கர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அப்பாவின் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் கோவையில் ஒரு ஆன்லைன் சேவை தொடங்கப் போகிறோம். ஒருவர் தன்னிடம் இருக்கும் பாட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்துவிட்டு ஃபோன், லேப்டாப், கார் என்று எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் ஏற்றியது அவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குத் தெரியாது. சோதனைப் பதிப்பு தயார். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள்.

செலவைக் குறைக்க எங்களுக்கு ஒரு யோசனை. ஒரே பாட்டு ஐம்பது பேரிடம் இருக்கும். அதை ஐம்பது தடவை வாங்கி வைப்பதற்குப் பதில் நல்ல தரத்தில் ஒன்றை நாங்களே வைத்துக்கொள்கிறோம். அந்தப் பாட்டு அவரிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எங்களுடையதை அவர் கணக்கில் சேர்த்துவிடலாம். அவருக்கு ஏற்றும் நேரமும் மிச்சம். இதை வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். என் பாட்டை நான் கேட்பதில் யாருக்கு சார் நஷ்டம்? உங்கள் அபிப்பிராயம் வேண்டும். பெயர் போட வேண்டாம்.

தங்கள் வாசகன்,
கோவை

---

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வக்கீல் நண்பருக்கு ஒரு நல்ல காபி வாங்கிக் கொடுங்கள். உங்கள் யோசனையை 2000ஆம் வருஷம் ஒரு கம்பெனி கிட்டத்தட்ட அப்படியே செய்து பார்த்தது.

அமெரிக்காவில் சான் டியாகோவில் எம்பி3.காம் என்று ஒரு நிறுவனம். மைக்கேல் ராபர்ட்சன் தொடங்கியது. 2000 ஜனவரியில் மை.எம்பி3.காம் என்று ஒரு சேவையைக் கொண்டுவந்தார்கள். உங்களிடம் இருக்கும் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் 'பீம்-இட்' என்ற மென்பொருள் அது என்ன சிடி என்று சில நொடியில் பார்த்துவிடும். உடனே அந்த ஆல்பம் உங்கள் கணக்கில் வந்துவிடும். அப்புறம் எங்கே போய் உட்கார்ந்தாலும் கேட்கலாம். சிடியிலிருந்து ஒரு பாட்டைக்கூட நீங்கள் ஏற்றவில்லை. கம்பெனியே பல ஆயிரம் சிடிக்களைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, நகலெடுத்துத் தன் சர்வரில் வைத்திருந்தது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது ஒரு கணக்கு போட்டால் புரியும். அன்றைக்கு வீட்டு இணைப்பு என்றால் ஃபோன் லைன் வழியே போகும் டயல்-அப் மோடம். 56கே என்று பெயர்தானே தவிர, நம் பக்கத்திலிருந்து அனுப்பும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 33.6 கிலோபிட் (கேபிபிஎஸ்). ஒரு மணி நேர ஆல்பத்தை 128 கேபிபிஎஸில் சுருக்கினால் 57 எம்பி சொச்சம். அதை மேலே அனுப்பி முடிக்க நாலு மணி நேரத்துக்குப் பக்கமாகும், இடையில் யாராவது ஃபோனை எடுக்காமல் இருந்தால். நூறு சிடி வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஆக அது குறுக்குப் புத்தி என்று சொல்ல மாட்டேன். அந்த நாளில் அது ஒன்றுதான் நடக்கிற வழி.

ஆனால் வழக்கு அதே மாதம் வந்துவிட்டது. யுனிவர்சல், சோனி, வார்னர், பிஎம்ஜி, ஈஎம்ஐ என்று அன்றைய ஐந்து பெரிய இசை நிறுவனங்களுமே எதிர்ப்பக்கம். கம்பெனி சொன்ன வாதம் உங்கள் கடிதத்தில் இருப்பதேதான்: வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய சிடி, நாங்கள் அதை வேறு இடத்தில் வைத்துத் தருகிறோம், அவ்வளவே. நியூயார்க் நீதிபதி ஜெட் ரேக்காஃப் இதை ஏற்கவில்லை. வாடிக்கையாளரின் சிடி அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, இங்கே ஒலிப்பது அனுமதியில்லாமல் நீங்கள் எடுத்த நகல் என்பது அவர் சொன்னதன் சாரம். சிக்கலான வழக்கு என்றுகூட அவர் நினைக்கவில்லை. இணையத்தால் கடினமான சட்டக் கேள்விகள் எழலாம், இந்த வழக்கில் அப்படி ஒன்றும் இல்லை என்று தீர்ப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்.

செப்டம்பரில் நஷ்டஈடு முடிவானது. யுனிவர்சலின் ஒரு சிடிக்கு 25,000 டாலர். பாட்டுக் கணக்கோ கேட்டவர் கணக்கோ பார்க்கவில்லை, நகலெடுத்த ஒவ்வொரு சிடிக்கும் அத்தனை. மற்ற நால்வரும் முன்பே சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். யுனிவர்சல் மட்டும் கடைசி வரை நின்று 5.34 கோடி டாலர் வாங்கியது. அடுத்த வருஷம் அதே யுனிவர்சலின் தாய் நிறுவனம் விவெண்டி, எம்பி3.காமை மொத்தமாக விலைக்கு வாங்கிப் போட்டது. வாய்தாவுக்கு வந்தவர் வீட்டையே வாங்கிக்கொண்டு போன மாதிரி.

உங்கள் யோசனையில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஐம்பது பேர் ஐம்பது தடவை ஏற்றுகிறார்கள். அதில் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்து ஒரே இடத்தில் சேமிப்பது ஒன்று. நீங்களே ஒரு நல்ல பிரதியை எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே போட்டுக்காட்டுவது இன்னொன்று. சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஒரு கோப்பு, ஐம்பது பேர். நீதிமன்றத்தில் போய் நின்றால் வேறு வேறு.

இதற்கும் ஆதாரம் ராபர்ட்சனிடமே இருக்கிறது. மனிதர் அடிபட்டும் அடங்கவில்லை. 2005இல் எம்பி3டியூன்ஸ் என்று மறுபடி ஒரு பாட்டு லாக்கர் தொடங்கினார், இந்தத் தடவை ஏற்றுவது வாடிக்கையாளர் வேலை. ஈஎம்ஐ 2007இல் வழக்குப் போட்டது. 2011 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் நீதிபதி பாலி, அவர்கள் தலைமைப் பிரதி என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை, ஒரே மாதிரித் தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஏற்றியது அவரவருக்கு அப்படியே திரும்பக் கிடைக்கிறது என்று சொல்லி அந்தப் பகுதியில் பிழையில்லை என்றார். பிறகு ராபர்ட்சன் விழுந்தது வேறு இடத்தில். இணையத்தில் கண்ட இடத்திலிருந்து பாட்டை நேராக லாக்கருக்கு இழுத்துவரும் வசதியை வைத்திருந்தார். புகார் வந்த பாட்டுகளின் இணைப்பை எடுத்தார், லாக்கர்களுக்குள் ஏற்கெனவே போனதை எடுக்கவில்லை. கம்பெனி 2012இல் திவால். 2014இல் ஜூரி விதித்தது நாலு கோடி டாலருக்கு மேல். நீதிபதி பின்னால் அதைக் குறைத்தார் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் அமெரிக்கச் சட்டம். நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளுவதை அனுமதிக்கிறது. அது பாட்டு கேட்பவரின் பாதுகாப்பு. அவருக்காகச் சர்வர் வைத்துக் காசு வாங்கும் உங்களுக்கும் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை நான் சொல்லக் கூடாது. காபி கொடுத்தீர்களே, அவரிடம் கேளுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 'என் பாட்டு' என்று நீங்கள் எழுதிய அந்த 'என்' நம் ஊரில் எவ்வளவு தாங்கும்? அமெரிக்கக்காரன் அலமாரியில் கடையில் வாங்கிய சிடியாவது இருந்தது. நாம் லிஸ்ட் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவர்கள். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் 150 பாட்டு அடங்கிய எம்பி3 சிடி. அதற்கும் அப்புறம் பென் டிரைவ். என் ஹார்ட் டிஸ்கில் பாதிப் பாட்டுக்கு ஆல்பம் பெயர் என்ற இடத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரி இருக்கிறது. உங்கள் நாற்பது பேரிடமும் இதே கதைதான் இருக்கும், பந்தயம் கட்டலாம். இதையெல்லாம் நினைக்காமல் 'உங்கள் பாட்டு உங்களுக்கு மட்டும்' என்று முகப்பில் போடாதீர்கள்.

சட்டத்தை விட்டுவிடுவோம். எனக்கு உங்கள் யோசனை பிடிக்காமல் போனதற்குக் காரணம் வேறு.

ஆப்பிள் உங்கள் வழியைச் சட்டப்படி செய்தது. இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2011 நவம்பரில் ஐடியூன்ஸ் மேட்ச். தொடங்கியபோது வருஷத்துக்கு 24.99 டாலர், 25,000 பாட்டு வரை. உங்களிடம் இருப்பது அவர்கள் கடையிலும் இருந்தால் ஏற்ற வேண்டாம், அவர்களுடைய 256 கேபிபிஎஸ் பிரதியே கிடைக்கும். இல்லாததை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கெட்ட வார்த்தை உள்ள பாட்டைக் கொடுத்தவர்களுக்கு அதைத் துடைத்தெடுத்த பதிப்பு திரும்ப வந்ததாக ஆரம்பத்திலேயே புகார் கிளம்பியது. பாட்டு ஒன்றுதான், பிரதி வேறு.

என் அப்பாவின் கேசட்டுகளில் ஒன்று எங்கள் ஊர்த் திருவிழா நாதஸ்வரம். மாமா நேஷனல் பானசானிக் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிந்தது. வாசித்தவர் பெயர் உறையில் இல்லை. தவில் ஓங்கும்போதெல்லாம் ஒலி கிழியும். ஏழாவது நிமிஷத்தில் மைக்கில் ஒருவர் டிராக்டரை வழியிலிருந்து எடுக்கச் சொல்கிறார், பக்கத்தில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்கிறது. அது நானாக இருக்கலாம் என்று அம்மா சொல்வாள். இன்னொரு கேசட் முழுக்க இலங்கை வானொலியிலிருந்து பதிந்த சினிமாப் பாட்டு. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நொடி கிடையாது, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து பட்டனை அமுக்கியிருக்கிறார் அப்பா. அந்தப் பாட்டுகள் எல்லா ஆப்பிலும் சுத்தமாகக் கிடைக்கின்றன. இரண்டு நொடி வெட்டுப்பட்ட பாட்டு கிடைக்காது. உங்கள் நிரல் அதைக் கேட்டுவிட்டு, இது எங்களிடம் நல்லதாகவே இருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தால் நான் சண்டைக்கு வருவேன்.

சொந்தச் சேகரிப்பு என்று ஒருவர் கொண்டுவரும்போது அதில் பாதி இப்படித்தான் இருக்கும். அந்தப் பாதிக்காக மட்டும்தான் இனி யாரும் உங்களிடம் வருவார்கள். மீதிப் பாட்டுக்கு அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. பெரியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனதும் அதனால்தான் என்பது என் ஊகம். அமேசான் 2011 மார்ச்சில் தொடங்கி, 2017 கடைசியில் ஏற்றும் வசதியை நிறுத்த ஆரம்பித்தது. கூகுள் 2011 மே மாதம் 20,000 பாட்டு இலவசம் என்று வந்தது, பிறகு 50,000 என்றது, 2020இல் கூகுள் ப்ளே மியூசிக்கை மூடி எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் தள்ளியது. மாதச் சந்தாவில் கடலே கிடைக்கும்போது குடத்தை யார் தூக்குவார்?

நானும் ஒரு சேவையில் பணம் கட்டி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். மூடுகிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள். அந்த மெயில் விளம்பர மெயில்களோடு போய்விட்டது, நான் பார்க்கும்போது ஒன்றுமில்லை. கேசட் கையில் இருந்ததால் பிழைத்தேன். அதனால் நீங்கள் எதைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், மொத்தத்தையும் ஒரே அழுத்தில், ஏற்றிய கோப்பு ஏற்றியபடியே, திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பட்டன் வையுங்கள். முதல் நாளே வையுங்கள். மூடும் நாளில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

செலவுக் கவலைக்கும் ஒரு வார்த்தை. நாலு நிமிஷப் பாட்டு 128 கேபிபிஎஸில் 4 எம்பிக்குள். இருபதாயிரம் பாட்டு வைத்திருக்கும் பைத்தியத்துக்கே 80 ஜிபிதான் ஆகும். நாற்பது பேருக்கு இது பெரிய விஷயமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தக் கவலையை வேறு இடத்தில் வையுங்கள், உதாரணமாகத் தமிழில். பழைய எம்பி3 கோப்புகளில் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடை அதில் திணித்தால் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போய்விடும், துணைக்காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக. 'நாதஸ்வரக் கச்சேரி' என்று எழுதினால் 'நாதஸ்வரக்' வரைதான் நிற்கும், கச்சேரி வராது. புது முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பழசு இன்னும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கி காலத்துப் பெயர்கள் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். இதைச் சரிசெய்து காட்டும் ஒரு சேவையை நான் இதுவரை பார்க்கவில்லை.

நாற்பத்தோராவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்பாவின் கேசட்டுகளிலிருந்து எடுத்த 64 கோப்புகள் இருக்கின்றன. 32 கோப்பின் பெயர் 'சைடு ஏ', மற்ற 32 'சைடு பி'. உங்கள் சர்வர் என்ன செய்கிறது பார்ப்போம்.

அன்புடன்.