கணினி கேள்வி–பதில்: ஒரு சர்வரிலிருந்து இரண்டுக்கு

தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் எங்கள் கோயில் தளம், அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், கேப் டவுனில் ஒரே சர்வரில் ஓடுகிறது. பதிவு திறந்த சில நிமிடங்களில் படுத்துவிடுகிறது. லோட் பேலன்சர் (வருகையைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) போட்டால் சரியாகிவிடுமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பின்னால் ஒரே சர்வர்தான் என்றால் ஆகாது. பந்தியில் வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் போட்டாலும், பரிமாறுபவர் ஒருவர்தானே!

முதலில் சர்வரில் தங்கியிருக்கும் தரவை வெளியே நகர்த்துங்கள். டேட்டாபேஸ் அதே இயந்திரத்தில் இருந்தால் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். பக்தர்கள் ஏற்றும் படங்கள் அதன் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3க்குப் போகட்டும். லாகின் செஷன் (யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற குறிப்பு) சர்வரின் கோப்பிலோ நினைவகத்திலோ இருந்தால் ரெடிஸ் என்ற வேகமான தனித் தரவுக் கிடங்குக்கோ டேட்டாபேஸுக்கோ நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் இரண்டாவது சர்வரைச் சேர்த்தால், முதல் பக்கத்தில் லாகின் ஆனவர் அடுத்த பக்கத்தில் வெளியே நிற்பார். ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷன் இதை மூடி மறைக்கும். அந்தச் சர்வர் விழுந்தால் அதிலிருந்த எல்லாருடைய செஷனும் போய்விடும்.

அதன் பிறகுதான் லோட் பேலன்சர். வலைத்தளத்துக்கு அப்ளிகேஷன் லோட் பேலன்சர் போதும். நெட்வொர்க் வகை, எச்டிடிபி அல்லாத டிசிபி, யுடிபி போக்குவரத்துக்கு. 2020இல் திறந்த கேப் டவுன் ரீஜியனில் மூன்று சோன்கள் (தனித்தனித் தரவு மையத் தொகுப்புகள்) உண்டு; இரண்டிலாவது ஒவ்வொரு சப்நெட் (முகவரிகளின் தொகுப்பு) கொடுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது /27 (32 முகவரி) அளவில், எட்டு முகவரிகள் காலியாக இருக்க வேண்டும். எஸ்எஸ்எல் சான்றிதழை அமேசானின் சான்றிதழ்ச் சேவையான ஏசிஎம்மில் அதே ரீஜியனில் எடுக்க வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்கான 443ஆம் போர்ட்டில் லிசனர் (கோரிக்கையைக் கேட்டு வாங்குவது) வைத்து, சாதாரண இணைப்புக்கான 80ஐ அதற்குத் திருப்பிவிடுங்கள். சர்வர்களின் செக்யூரிட்டி குரூப் (எங்கிருந்து இணைப்பு வரலாம் என்ற விதிகள்), லோட் பேலன்சரின் குரூப்பிலிருந்து வருவதை மட்டும் ஏற்கட்டும். டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரை முகவரியோடு இணைக்கும் பதிவேடு) லோட் பேலன்சரின் ஐபி முகவரியை எழுதாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 என்றால், லோட் பேலன்சரின் பெயரைச் சுட்டும் அலையஸ் பதிவு போடுங்கள்.

பதிவு ஒன்பது மணிக்குத் திறக்கிறது என்றால் சுமைக்கேற்பச் சர்வர்களைக் கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங்கை மட்டும் நம்ப வேண்டாம். சுமையைக் கண்டு புதுச் சர்வர் எழுந்து வருவதற்குள் கூட்டம் உள்ளே புகுந்திருக்கும். எட்டரை மணிக்கே எண்ணிக்கையை உயர்த்த ஷெட்யூல் வையுங்கள். டேட்டாபேஸ் இணைப்புகளையும் கூட்டிப் பாருங்கள்: சர்வருக்கு 30 இணைப்பு என்றால் நான்கு சர்வருக்கு 120. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை நாமே நிறுவினால் அதன் இயல்பு வரம்பு 100தான்.

லோட் பேலன்சரின் ஹெல்த் செக்கில் (சர்வர் நலமா என்ற சோதனை) இரண்டு சர்வரும் 'அன்ஹெல்தி' என்கிறது. ஆனால் தளம் வேலை செய்கிறது. எப்படி?
— வாசகி, ஃபீனிக்ஸ்

முகப்புப் பக்கத்தைச் சோதிக்கச் சொல்லியிருப்பீர்கள். அது லாகினுக்கு 302 ('வேறு பக்கத்துக்குப் போ') என்று திருப்பிவிடுகிறது. இயல்பாக 200ஐ ('சரி') மட்டுமே ஹெல்த் செக் நலம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாச் சர்வரும் கெட்டதாகத் தெரிந்தால் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் கைவிரிக்காது, எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். அதனால்தான் தளம் ஓடுகிறது. ஆனால் ஒன்று நிஜமாகவே செத்தாலும் அதற்குத் தெரியாது!

இதற்கென்று தனியாக ஒரு சிறு பக்கம் வையுங்கள். அது டேட்டாபேஸைத் தொடக் கூடாது என்பது என் கருத்து: டேட்டாபேஸ் ஒரு நிமிடம் திணறினால் நல்ல சர்வர்களும் ஒரே நேரத்தில் கெட்டவை ஆகிவிடும். இயல்பு அமைப்பில் 30 விநாடிக்கு ஒரு சோதனை, இரண்டு தோல்வி ஆனால் விலக்கல். அதாவது செத்த சர்வருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். இடைவெளியை 10 விநாடியாகக் குறைக்கலாம்.

எப்போதாவது 502 வருகிறது. அப்ளிகேஷன் லாகில் ஒன்றுமே இல்லை.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

502 என்பது சர்வரிடமிருந்து சரியான பதில் கிடைக்காதபோது லோட் பேலன்சர் தரும் பிழை எண். லோட் பேலன்சரின் ஆக்சஸ் லாகை (ஒவ்வொரு கோரிக்கையின் பதிவு) இயக்கிவிடுங்கள். இயல்பில் அது இயங்காது. 502 வரியில் சர்வரின் பதில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், சர்வர் பதிலே தரவில்லை. பெரும்பாலும் கீப்-அலைவ் (இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் நேரம்) கோளாறுதான். லோட் பேலன்சர் சும்மா கிடக்கும் இணைப்பை 60 விநாடி வைத்திருக்கும். வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் இயல்பு 5 விநாடி, குனிகார்னுக்கு 2. சர்வர் இணைப்பை மூடும் அதே நொடியில் புதுக் கோரிக்கை வந்து சேர்ந்தால் 502. சர்வர் பக்கத்தை 65க்கு மேல் வையுங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பிலேயே 75.

504 என்றால் கதை வேறு: சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை. மெதுவான டேட்டாபேஸ் வினவலைத் தேடுங்கள், நேர வரம்பை உயர்த்திச் சமாளிக்க வேண்டாம்.

எல்லா வருகையாளருக்கும் லாகில் ஒரே முகவரி. ஒரே முகவரியிலிருந்து வரும் அதிகக் கோரிக்கைகளைத் தடுக்கும் எங்கள் வேகத்தடை விதி எல்லாரையும் தடுத்துவிட்டது!
— வாசகர், லெனேசியா

சர்வர் பார்ப்பது லோட் பேலன்சரின் முகவரியை. வருகையாளருடையது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் (கோரிக்கையோடு வரும் குறிப்பு) இருக்கிறது. இடப்பக்க முதல் முகவரியை எடுக்காதீர்கள், அதை யாரும் பொய்யாக எழுதி அனுப்பலாம். நடுவில் சிடிஎன் (பக்கங்களை நகலெடுத்து வழங்கும் இடைச் சர்வர்கள்) இல்லாதபோது, கடைசியில் உள்ளதுதான் லோட் பேலன்சர் தானே சேர்த்தது.