மாத்திரை கேட்கவில்லை என்றால் வலி பொய்யா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்து எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். பல மாதமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் மாதாமாதம் சுருண்டு படுத்துவிடுகிறாள். அதே மாத்திரையில் என் நாத்தனார் மகளுக்கு வலி நன்றாகக் குறைந்துவிட்டது. கிளினிக்கில் ஒரு நர்ஸ், "எல்லாம் மனசுதான்" என்கிறார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். வரன் ஒன்று வந்திருக்கிறது. அவர்களிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்:

சகோதரிக்கு,

அந்த நர்ஸ் சொன்னதை முதலில் காதிலிருந்து எடுத்துப் போடுங்கள். மாத்திரை கேட்காததற்குக் காரணம் உங்கள் மகளின் உடம்பிலேயே இருக்கலாம்.

கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் வயிற்றின் உள்ளுறையிலும் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். ஹார்மோன் ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ள செல்லில் ஏற்பி இருக்க வேண்டும். இந்த மாத்திரைகளில் இருப்பது புரோஜெஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. புரோஜெஸ்ட்ரோனுக்கு ஏ, பி என இரண்டு வகை ஏற்பிகள். இந்த நோய்த்திசுவில் பி வகை பலருக்கு மிகவும் குறைந்துபோய்விடுகிறது. ஃபோன் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. மாத்திரையின் கதை அதுதான். இந்தத் திசுவை வளர்க்கும் இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பக்கம் நேர்மாறு. அதன் ஆல்ஃபா ஏற்பியைவிட, 1996இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட பீட்டா ஏற்பி அங்கே அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கிறது. போதாததற்கு அந்தத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கூட்டும், ப்ராஸ்டாகிளாண்டின் மறுபடி ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும். வீக்கமும் வலியும் இந்தச் சுழலில்தான் பிறக்கின்றன.

நோய்த்திசுவுக்குள் புது நரம்பிழைகளும் வளர்கின்றன. வருஷக்கணக்கில் வலி நீடித்தால் தண்டுவடமும் மூளையும் சின்னத் தூண்டலையே பெரிய வலியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். அப்போது மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலிக்கும். ஸ்கேனில் கட்டி சிறியதாகத் தெரிகிறதே என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். நோயின் பரப்புக்கும் வலியின் அளவுக்கும் பெரும்பாலும் பொருத்தம் இருப்பதில்லை.

நாத்தனார் மகளோடு ஒப்பிட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி அதிகமுள்ளவர்களுக்கே அந்த வகை மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று 2018இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஆனாலும் ஏற்பியைச் சோதித்து மருந்து எழுதுவது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஒன்று கேட்காவிட்டால் அடுத்ததற்கு மாறிப் பார்ப்பதுதான் நடைமுறை.

அடுத்தது என்ன? டையனோஜெஸ்ட் என்ற வேறொரு புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனையே அடக்கும் ஊசி என்று வழிகள் உண்டு. ஊசியில் எலும்பு தேயும் அபாயம் இருப்பதால், அதற்குத் துணை மருந்தும் தருவார்களா என்று கேளுங்கள். இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையை வலி முற்றிய பிறகு விழுங்குவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரப்பியும் சிலருக்கு உதவுகிறது. வலித்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியின் மகளிர் நோய் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தால் அதையும் செலுத்துங்கள், ஆனால் அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாமியார் பேச்சுக்கு வருகிறேன். கர்ப்பகாலத்தில் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பிவிடும். பிள்ளை பெறுவது இதற்கு மருந்தல்ல. சிலருக்குக் கருத்தரிப்பதே சிரமமாகிறது, பலர் இயல்பாகவே பெற்றுக்கொள்கிறார்கள்.

வரன் வீட்டில் நீங்கள் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பையனிடம் உங்கள் மகளே பேசட்டும், அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். அவளுக்கு இந்தக் கல்யாணம் இப்போது வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.