எத்தனை லிட்டர் பை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் நானும் மனைவியும் அகத்தியர்கூடம் மலை ஏறுவதாக இருக்கிறோம். மூன்று நாள் பயணம். இதுவரை எங்கே போனாலும் லேப்டாப் பைதான். கடையில் கேட்டால், "60 லிட்டர் எடுத்துக்கோங்க சார், நாளைக்கு இமயமலைக்கும் ஆகும்" என்கிறார்கள். அந்தப் பை காலியாகவே 1.9 கிலோ. இணையத்தில் 38 லிட்டர் பை ஒன்று பார்த்தேன், 850 கிராம்தான். ஆனால் உள்ளே பையை விறைப்பாக நிறுத்தும் சட்டம் (ஃபிரேம்) எதுவும் கிடையாதாம். எதை வாங்குவது? இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிடலாமா?

ஆர்., தென்காசி

அன்புள்ள ஆர்.,

பையைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் சாமான்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதும்.

உங்கள் பயணத்தில் கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம். இரவு தங்கும் அதிருமலை முகாமில் கூரை இருக்கிறது, சாப்பாடும் கிடைக்கும். மாற்றுத்துணி, கம்பளிச் சட்டை 1.5 கிலோ. லேசான ஸ்லீப்பிங் பேக் 900 கிராம். மழைச்சட்டை 300. தின்பண்டம் 700. டார்ச், பவர் பேங்க், மருந்து, சோப்பு வகையறா 700. தண்ணீர் 2 லிட்டர், அதாவது 2 கிலோ. கூட்டினால் 6.1 கிலோ. இதெல்லாம் 30 லிட்டருக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் இடம் விட்டால் 35 முதல் 40 லிட்டர். அதற்கு மேல் தேவையில்லை.

60 லிட்டர் பையில் அதிகப்படியாகச் சுமக்கும் ஒரு கிலோ பெரிய விஷயமில்லை. காலி இடம்தான் ஆபத்து. ஒன்று, "இருக்கட்டுமே" என்று இன்னும் 3 கிலோ உள்ளே போகும். அல்லது பாதி காலியான பையில் சாமான் எல்லாம் அடியில் இறங்கி, நடக்க நடக்க உங்களைப் பின்னால் இழுக்கும். இமயமலைக்குப் போகும்போது இமயமலைக்கான பையை வாங்கிக்கொள்ளலாம்.

லிட்டரைவிட முக்கியமானது முதுகின் நீளம். கடையில் இதை யாரும் அளப்பதில்லை. தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கே தையல் டேப்பின் நுனியை வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பின்பக்கம் வரும்படி இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். இரு கட்டைவிரல்களுக்கும் நடுவே முதுகெலும்பு வரை டேப் எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் உங்கள் அளவு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 55 செ.மீ.க்குள் வரும். உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். ஆகவே ஒரே மாதிரி இரண்டு பை என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் மனைவிக்குத் தனியாக அளந்து, தனியாக மாட்டிப் பாருங்கள். பெண்களுக்கென்று வரும் பைகளில் தோள்வாரின் வளைவே வேறு.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சுமையின் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் அல்ல. முதுகுக்குப் பை குட்டையாக இருந்தால் இடுப்புப்பட்டை வயிற்றில் ஏறி நிற்கும். நீளமாக இருந்தால் தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி விழும். மாட்டும்போது எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, இடுப்புப்பட்டையின் மெத்தைப் பகுதியை இடுப்பெலும்பின் விளிம்பில் பொருத்தி முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள்வார், கடைசியில் மார்புவார். பலர் தோளிலிருந்து தொடங்குகிறார்கள். அப்புறம் இடுப்புப்பட்டை வெறும் அலங்காரம்தான்.

சட்டம் இல்லாத பை 8 கிலோ வரை சிரமம் தராது. பையோடு சேர்த்து உங்கள் சுமை 7 கிலோதான். எனவே அந்த 850 கிராம் பை தாங்கும், ஆனால் அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பைக்கு நீங்கள் அடுக்குவதுதான் முதுகெலும்பு. கண்டபடி திணித்தால் பீப்பாய் மாதிரி உருண்டு முதுகில் குத்தும். ஸ்லீப்பிங் பேக்கை அடியில் போடுங்கள். கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வையுங்கள். துணியை அதைச் சுற்றித் திணியுங்கள். முதல்முறை என்பதால் நான் சொல்வது, ஒற்றை அலுமினியப் பட்டையாவது உள்ள, ஒரு கிலோவை ஒட்டிய பை. கூடுதலாகும் 150 கிராமை, நடை தொடங்கும் போணக்காட்டிலிருந்து முகாம் வரையான ஏறத்தாழ 15 கி.மீ.யில் நீங்கள் உணரமாட்டீர்கள்.

இரண்டாம் நாள் 1868 மீட்டர் உச்சிக்கு இந்தப் பை வேண்டாம், முகாமிலேயே விட்டுவிடுங்கள். மேலே பாறையில் கயிறு பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. மடித்தால் கைக்குள் அடங்கும் 15 லிட்டர் பை ஒன்றில் தண்ணீரும் மழைச்சட்டையும் போதும்.

மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடுவதில்லை, தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். வழக்கமாகப் பைக்குள் தடித்த பாலித்தீன் பை ஒன்றை விரித்து அதற்குள் அடுக்கச் சொல்வார்கள். அங்கே வனத்துறை பிளாஸ்டிக்கை அனுமதிப்பதில்லை, அதனால் வாய் சுருட்டி மூடும், நீர் புகாத துணிப்பை (டிரை பேக்) வாங்கிவிடுங்கள்.

கடையில் பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தோள்வார் பையின் உடலோடு சேரும் இடத்தில் தையல் முன்னும் பின்னும் நெருக்கமாக ஓடியிருக்க வேண்டும். முதலில் பிய்வது அங்கேதான். வெளியே வலைப்பை இருந்தால் முள்ளில் மாட்டிக் கிழியும், துணிப்பையே மேல். பையை மாட்டியபடியே பக்கப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, திரும்ப வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தண்ணீர் குடிக்கச் சோம்பல் வரும். பயணம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்துத்தான் பரணில் ஏற்ற வேண்டும். உள்பூச்சான பாலியூரித்தேன் நம் ஊர் ஈரப்பதத்தில் சிதைந்து, பிசுபிசுத்து, உரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பையை மீட்க வழியில்லை.

வாங்கியதும் விலைச்சீட்டைக் கிழிக்காமல், அடியில் போர்வையை அமுக்கி, அதன்மேல் 5 கிலோ அரிசிப்பையும் ஒரு லிட்டர் பாட்டிலும் வைத்து, அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோளில் சிவந்த தடம் விழுந்தால் பையைக் குறை சொல்லுமுன் வாரைத் தளர்த்தி இன்னொரு தடவை கட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் அளவு தவறு. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.