ஒருநாள் வீட்டுக்கு வா

வணக்கம் சார்,

உங்கள் பிரேசில் கட்டுரைகளை இங்கே வருவதற்கு முன்பே படித்திருந்தேன். நான் கோவையில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்காக சாவ் பாலோ மாநிலத்தில் உள்ள காம்பினாஸ் நகருக்கு வந்திருக்கிறேன். வந்து இரண்டரை மாதம் ஆகிறது. பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு வீட்டில் எனக்கும் ஓர் அறை கிடைத்தது.

முதல் வாரம் தரையிலேயே கால் படவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். "ஒருநாள் எங்க வீட்டுக்கு வா, எங்கம்மா சமையலை நீ சாப்பிட்டே ஆகணும்" என்று லேபில் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். நாள் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் நானே "எப்போ வரட்டும்?" என்று கேட்டுவிட்டேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சிரித்தாள். அதோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வீடே காலியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏரிக்கரைப் புல்லில் போய் உட்கார்ந்திருப்பேன்.

பிறந்தநாள் விருந்து எட்டு மணிக்கு என்றார்கள். எட்டு மணிக்குப் போனால் பிறந்தநாள்காரி தலையில் துண்டோடு வந்து கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் முதல் ஐந்து நிமிடம் எனக்காக ஆங்கிலம் பேசுகிறார்கள், அப்புறம் நான் அங்கே இல்லாத மாதிரிதான். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வருகிறது. கன்னத்தோடு கன்னம் வைப்பது இன்னும் கூச்சமாக இருக்கிறது. அப்படி ஒரு போட்டோவை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

இவர்கள் காட்டும் பாசம் வெறும் வாய் உபசாரம்தானா? இங்கே சில இந்திய மாணவர்கள் இருக்கிறார்கள். மீதி நாட்களை அவர்களோடு மட்டும் ஓட்டிவிடலாமா என்று தோன்றுகிறது. போலீஸ் பதிவு, சிபிஎஃப் என்கிற வரி அடையாள எண் என்று அலுவலக வேலைகள் வேறு அப்படியே கிடக்கின்றன. எதிலும் மனசு போகவில்லை.

ம.

*

அன்புள்ள ம.,

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கிறீர்கள். "ஒருநாள் வீட்டுப் பக்கம் வாம்மா, அம்மாவையும் கூட்டிட்டு வா" என்கிறார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பீர்களா? மாட்டீர்கள். அவர் பொய் சொன்னார் என்றும் நினைக்க மாட்டீர்கள். உன்னைப் பார்த்ததில் சந்தோஷம் என்பதை அவர் அப்படிச் சொல்கிறார். உங்கள் லேப் தோழிகள் சொன்னதும் அதேதான். நம் ஊரில் எது அழைப்பு, எது பிரியம் என்று குரலை வைத்தே தெரிந்துவிடும். அங்கே அந்தக் காது இன்னும் உங்களுக்குப் பழகவில்லை. "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று நாமும்தானே வைத்திருக்கிறோம்? முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல பிரேசில்காரர்களுக்கும் நாக்கு வராது.

அவர்களுடைய நிஜ அழைப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் வாட்ஸாப்பில் ஒரு குழு முளைக்கும். அதில் நாள், நேரம், முகவரி வரும். அப்புறம் யார் அடுப்புக்கரி வாங்குவது, யார் இறைச்சி, யார் பீர் என்று நீளமான குரல் பதிவுகள். கடைசியில் தலைக்கு இத்தனை ரியால், இந்த எண்ணுக்கு பிக்ஸில் அனுப்புங்கள் என்று ஒரு செய்தி. பிக்ஸ் நம் யுபிஐ மாதிரி, அவர்கள் ரிசர்வ் வங்கி 2020 நவம்பரில் கொண்டுவந்தது, இன்று தெருவோர இளநீர்க்காரர் வரை வைத்திருக்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பணம் கேட்கிறார்களே என்று நமக்குச் சுருக்கென்று இருக்கும். விருந்தாளியிடம் காசு வாங்குவதை நாம் கேவலமாக நினைத்து வளர்ந்தவர்கள். அங்கே கணக்கு வேறு. செலவைப் பகிரச் சொன்னால் உங்களையும் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். பிறந்தநாளை மதுக்கடையில் கொண்டாடினாலும் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர்தான் கொடுப்பார்கள். பிறந்தநாள்காரர் பங்கை மட்டும் சில சமயம் மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே அடுத்த முறை பிக்ஸ் கேட்டு வந்தால் சந்தோஷப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை விஷயத்தில் உங்களைத் தவிர்க்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறீர்கள், பாவம். உங்கள் வீட்டுப் பெண்கள் அநேகமாக பிராசிகாபா, லிமேரா, ரிபேரோங் பிரேட்டோ போன்ற, மாநிலத்தின் உட்பகுதி நகரங்களிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அழுக்குத் துணி மூட்டையோடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கே குடும்பத்தின் சொத்து. பாட்டி, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் கூடி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தால் வெள்ளியையும் அதோடு ஒட்டிக்கொண்டு நான்கு நாள் காணாமல் போவார்கள். வெளிநாட்டுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. இதில் எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. தான் இருக்கும் இடத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜனம், எதிரில் இல்லாதவர் என்ன செய்கிறார் என்று யோசிப்பது குறைவு.

சரி, எப்படி உள்ளே போவது? என் அனுபவத்தில் அங்கே சிநேகம் அழைப்பால் வளர்வதில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பத் தட்டுப்பட வேண்டும். உங்கள் துறையில் ஒரு சின்னச் சமையலறை இருக்கும். உள்ளே ஒரு சிங்க், ஒரு மைக்ரோவேவ், பெரிய பிளாஸ்க் நிறையக் காபி. காம்பினாஸ் 19ஆம் நூற்றாண்டில் காபியால் பணம் பார்த்த ஊர். 1887ல் பேரரசர் இரண்டாம் பெத்ரோ தொடங்கிவைத்த வேளாண் ஆய்வு நிறுவனம் இன்றும் அங்கே காபி ரகங்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் பிளாஸ்க் காலியாக விடமாட்டார்கள். கட்டைவிரல் உயரக் கோப்பையில் கறுப்பாக ஊற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, எதைப் பற்றியும் பேசுவார்கள். தினமும் மூன்று மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். முதல் வாரம் சிரிப்பீர்கள், இரண்டாம் வாரம் நீங்கள் எந்தக் கால்பந்து அணி என்று கேட்பார்கள். காம்பினாஸில் குவாரனியும் பொன்ட்டி பிரேட்டாவும் ஜென்மப் பகை. பதில் சொல்வதற்கு முன் உங்கள் ஆய்வக வழிகாட்டி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, அதைவிட நல்லது: மாணவர் விளையாட்டுச் சங்கத்தின் தாளக் குழு. சாம்பா அடிப்பார்கள். பெரும்பாலான குழுக்களில் ஒன்றும் தெரியாதவரையும் சேர்த்துக்கொண்டு கற்றுத் தருவார்கள். கையில் குலுக்கி ஒலியெழுப்பும் கருவி ஒன்றைக் கொடுத்து வரிசையில் நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவர் விசில் ஊதி விரல்களால் சைகை காட்டுவார், நீங்கள் அதைப் பார்த்து நிறுத்த வேண்டும், தொடங்க வேண்டும். போர்ச்சுகீசியமே வேண்டாம். தப்பாக அடித்தால் பக்கத்தில் இருப்பவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து சரியான இடத்தில் இறக்குவார். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மாணவர் ஊரில் மேடை என்றாலே ஓடி ஒளிந்தவர். அந்த ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் கூட்டமாகப் போகும் இடத்தில்தான் அவருக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், அப்புறம் ஞாயிறு சாப்பாடும் கிடைத்தது.

சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் ஐந்து நிமிடத்தில் நின்றுபோவதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. பலருக்கு அதற்கு மேல் ஆங்கிலம் வராது, அவ்வளவுதான். உடைந்த போர்ச்சுகீசியத்தில் நீங்கள் ஏதாவது உளறினால் மேசையே உங்கள் பக்கம் திரும்பும். இலக்கணத்தைத் திருத்தி மூக்கை உடைக்கும் பழக்கம் அங்கே கிடையாது. குரல் பதிவாக அனுப்புகிறவர்களிடம் மட்டும் கூச்சப்படாமல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு அம்மாக்கள் யாராவது உங்களைப் பார்த்ததும் "அரே பாபா!" என்று கத்தினால் பயப்பட வேண்டாம். 2009ல் குளோபோ தொலைக்காட்சியில் இந்தியாவை வைத்து ஒரு நெடுந்தொடர் வந்தது. பிரேசில் நடிகர்கள் புடவையும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு நடித்தார்கள், நாடே பார்த்தது. அந்த ஆண்டு சர்வதேச எம்மி விருதும் வாங்கியது. அதில் வந்த வார்த்தை அது. நாம் எல்லாரும் மாளிகையில் வசிக்கிறோமா என்று கேட்பார்கள். நல்ல பேச்சுத் தொடக்கம், எரிச்சல்படாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எட்டு மணி விருந்துக்கு ஒன்பதரைக்குப் போங்கள். ஆனால் வகுப்பு, மருத்துவர், பேராசிரியரோடு சந்திப்பு என்றால் சொன்ன நேரம்தான். சாவ் பாலோ மாநிலத்தார் வேலையில் கறாரானவர்கள், ரியோக்காரர்களைக் கிண்டல் செய்வதே அதை வைத்துத்தான்.

உணவு. அவர்கள் பேச்சில் இறைச்சி என்றால் பெரும்பாலும் மாடு. கோழியும் ஹாம் என்கிற பன்றித்தொடை இறைச்சியும் அந்தக் கணக்கில் வராது, கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. மாடு வேண்டாம், கோழி வேண்டாம், பன்றி வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பீன்ஸ் குழம்பில் பன்றிக்கொழுப்போ தொத்திறைச்சியோ போட்டிருக்கிறதா என்றும் தனியாகக் கேளுங்கள். மாணவர் உணவகத்தில் சைவத் தட்டு இருக்கும். அதில் அடிக்கடி வரும் சோயாவைப் பார்த்திருப்பீர்கள், நம் மீல்மேக்கரேதான். எடைக்கு விலை போடும் கடைகள் இன்னும் வசதி. தட்டில் நீங்களே எடுத்துவைத்து தராசில் நிறுத்திப் பணம் கொடுக்கிறீர்கள், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்துக்கும் தயங்காமல் போங்கள். குச்சியில் குத்தி வாட்டும் பாலாடைக்கட்டி, பூண்டு ரொட்டி எல்லாம் உண்டு. உணவுத் தொழில்நுட்பக்காரி என்பதால் உங்களுக்கு ஒரு செய்தி: அந்த அடுப்பில் வேகும் மாட்டுக்கு அநேகமாக நெலோரி இனம் என்று பெயர். நம் பக்கத்து நெல்லூர்தான். 1960கள் வரை கப்பலேறிப் போன, அந்தப் பக்கத்து ஓங்கோல் மாடுகளின் வம்சம் இன்று பிரேசிலின் மாட்டிறைச்சி மந்தையில் பெரும்பங்கு. நம் ஆட்கள் வெயில் தாங்குவார்கள் என்று தெரிந்துதான் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைக்க உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால், அவர் நெருங்குவதற்கு முன்பே கையை நீட்டிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பழகிக்கொள்வதானாலும் சரி, காம்பினாஸில் ஒன்றோடு முடிந்துவிடும். ரியோவில் இரண்டு. அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதில் என்னிடம் யோசனை இல்லை. இன்ஸ்டாகிராமில் அவரைக் கேட்காமல் போட்டோ போடாமல் இருக்கலாம்.

ஏரிக்கரையில் தனியாகப் புல்லில் உட்காருவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். காம்பினாஸ் பக்கத்து நீர்நிலைகளில் கபிபாரா என்கிற பெரிய கொறிவிலங்கு கூட்டம் கூட்டமாக மேயும், பார்க்க அழகாக இருக்கும். அவற்றின் மேல் இருக்கும் உண்ணிகள் புல்லுக்கு வரும். அந்த உண்ணி கடித்துப் பரவும் புள்ளிக் காய்ச்சல் உயிரை எடுக்கக்கூடியது. 2023 ஜூனில் அந்த நகரில் ஒரு பண்ணை நிகழ்ச்சிக்குப் போனவர்கள் சிலர் அதில் இறந்தார்கள். புல்வெளிக்குப் போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அரசுச் சுகாதார நிலையத்துக்குப் போய், எங்கே போனேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். அரசு மருத்துவம் வெளிநாட்டவருக்கும் இலவசம். நடக்க வேண்டுமென்றால் கல் பதித்த பாதையில் நடங்கள். தெருவில் நடக்கும்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

இந்திய மாணவர்களோடு ஒதுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். வாரத்தில் ஒருநாள் சேர்ந்து ரசம் வைத்துச் சாப்பிடுங்கள், அது உடம்புக்கும் மனசுக்கும் தேவை. ஏழு நாளும் என்றால் கோவையிலேயே இருந்திருக்கலாம். அந்த ரசத்துக்கு உங்கள் வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்தியைக் கூப்பிடுங்கள். ஒருநாள் வா என்று சொல்லாதீர்கள். வியாழன் ஏழரை மணி, வரும்போது அரிசி வாங்கி வா என்று சொல்லுங்கள்.

கடைசியாக அந்த போலீஸ் பதிவு. மனசு போகவில்லை என்றெல்லாம் அதில் தள்ளிப்போட முடியாது. மாணவர் விசாவில் வந்தவர் நாட்டுக்குள் நுழைந்த 90 நாளுக்குள் பெடரல் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும். நீங்களே இரண்டரை மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், உடனே நாள் கிடைப்பது நிச்சயம் இல்லை. பாஸ்போர்ட், விசா, பெற்றோர் பெயர் உள்ள சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீது எல்லாம் கேட்பார்கள், முழுப் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. சிபிஎஃப் எண்ணையும் கையோடு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் பிக்ஸ் இல்லை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நாளைக் காலையிலேயே போய்க் கேளுங்கள், படிவம் நிரப்ப உதவுவார்கள்.

அன்புடன்.