நுனி கருகும் அவகாடோ: உரத்தை நிறுத்துங்கள், சருகைப் பெருக்காதீர்கள்

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் ஓர் ஓரவீட்டில் குடியிருக்கிறோம். வீட்டின் பக்கவாட்டில் இருபதடி அகலத்தில் நிலம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், ‘ஹாஸ்’ வகை ஒட்டுக்கன்று என்று சொல்லி 180 வெள்ளிக்கு விற்ற அவகாடோ கன்றை வாங்கி அங்கே நட்டேன். எட்டடி உயரம் வந்துவிட்டது. ஆனால் கடந்த ஆறு மாதமாகத் துளிர் சிறுத்து வெளிறி வருகிறது. இலை நுனிகள் தீய்ந்தாற்போல் பழுப்பாகின்றன. உச்சியில் இரண்டு கொம்புகள் காய்ந்தே போய்விட்டன. இதுவரை ஒரு பூகூட இல்லை. கன்று விற்றவரிடம் கேட்டேன். நீல உரத்தை இரட்டிப்பாகப் போடுங்கள் என்கிறார். பூப்பிடிக்க 65 வெள்ளியில் ஒரு டானிக் இருக்கிறது என்றும் சொல்கிறார். பத்தடி தள்ளி நிற்கும் ரம்புத்தான் நன்றாகக் காய்க்கிறது. அவகாடோவுக்கு என்ன உரம், எவ்வளவு போட வேண்டும்? பூக்க வேண்டுமானால் இரண்டாவது மரம் தேவையா? ஐந்து படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் ஐந்து படங்களில் மரத்தடியை எடுத்த படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர்க்குமாறு இழுத்த வரிகள் மண்ணில் பிறை பிறையாகத் தெரிகின்றன. ஒரு சருகு இல்லை, ஒரு புல் இல்லை. கோலம் போடுவதற்காகத் தெளித்துப் பெருக்கிய வாசல் போல் இருக்கிறது. நிழல் விழும் பக்கத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கிறது. தண்டை ஒட்டி நீல உரக் குருணைகள் பாதி கரைந்தும் கரையாமலும் கிடக்கின்றன. இன்னொரு படத்தின் ஓரத்தில், நீங்கள் கவனித்து எடுக்காத ஒன்றும் விழுந்திருக்கிறது: கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், மரத்திலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் மண்ணை நோக்கித் திறந்திருக்கிறது.

உரத்தைப் பற்றிக் கேட்டதற்கு நேரான விடை, இப்போது எந்த உரமும் போட வேண்டாம் என்பதே. நீல உரம் எனப்படும், தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளை 12:12:17:2 என்ற விகிதத்தில் சேர்த்த கலவை கெட்ட பொருள் அன்று. ஆனால் வேர் நோயுற்ற மரத்துக்கு அதைக் கொடுப்பது, வயிறு கெட்டுப் படுத்திருப்பவருக்குக் கல்யாணச் சாப்பாடு பரிமாறுவதைப் போன்றது. உறிஞ்சப்படாத உப்பு மண்ணில் தங்கி, மிஞ்சியிருக்கும் வேரையும் சுடும். அவகாடோ உப்பைத் தாங்காத மரம், அதிலும் குளோரைடை அறவே தாங்காது. மலிவான கலவைகளில் பொட்டாஷ் எனும் சாம்பல் சத்து பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடாகவே சேர்க்கப்படுகிறது. செம்பனைக்கு அது ஒத்துக்கொள்ளும், இதற்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் காணும் நுனிக் கருகலில் ஒரு பங்கு அந்த உப்பினால் வந்தது. ஆறாத கோழி எருவும் இதே வேலையைச் செய்யும். மரம் தேறிய பிறகு, பொட்டாசியம் சல்பேட் கலந்த உரத்தைச் சிறு சிறு அளவாக, தண்டை விட்டு விலக்கி, ஆண்டுக்கு நான்கு முறை போட்டால் போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மரத்தைச் சுற்றி விழும் தண்ணீர் எங்கே போகிறது? கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். உங்கள் கூரையின் அந்தப் பக்கம் 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 50 மில்லிமீட்டர் கொட்டும் ஒரே ஒரு மாலை இடிமழையில் 2,000 லிட்டர் தண்ணீர் அந்தக் குழாய் வழியே மரத்தடிக்கு வந்து சேர்கிறது. ரம்புத்தானின் வேர் அந்த ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். அவகாடோவின் வேர் பொறுக்காது. இதன் ஊட்டவேர்கள் மண்ணின் மேல்மட்டத்தில் ஓரடிக்குள்ளேயே பரவுகின்றன. அவற்றில் வேர்த்தூவிகள் மிகக் குறைவு. காற்றில்லாமல் இரண்டு மூன்று நாள் நீரில் கிடந்தாலே சாகத் தொடங்கும். அங்கேதான் ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி நுழைகிறது. வழக்கில் பூஞ்சை என்று சொல்லிவிடுகிறோமே தவிர, அது பூஞ்சை இனம் அன்று. அதன் வித்துகள் ஈர மண்ணின் இடுக்குகளில் நீந்திப் போய் வேர்நுனியைப் பிடிப்பவை. டுரியான் தண்டில் கசிவுப் புண் உண்டாக்கும் நோய்க்கிருமி இதன் உறவு என்பதால், டுரியான் விளையும் பாலிக் பூலாவ் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

சந்தேகமிருந்தால் மழை விட்ட மறுநாள், இலைப்பரப்பின் விளிம்புக்கு நேர்கீழே, நான்கு விரல் ஆழம் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம். நல்ல ஊட்டவேர் ஊறவைத்த மீஹூன் போல் வெளுத்து, வளைத்தால் வளைந்து கொடுக்கும். கறுத்துப்போய், விரலிடுக்கில் இழுத்தால் தோல் கழன்று நரம்பு மட்டும் மிஞ்சினால், அது வேரழுகல். மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் சோர்ந்து தொங்குவதும் அதே அடையாளந்தான். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவதால் இறந்த மரங்கள் ஏராளம்.

நட்டபோது என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. மூன்றடிக் குழி தோண்டி, பையில் விற்கும் கறுப்பு மண்ணை நிரப்பி நடச் சொல்லியிருப்பார்கள். நம் தாமான்களில் வீடு கட்டும்போது இயந்திரம் ஏறி இறங்கி இறுகிய செங்களிமண்ணில் அப்படி ஒரு குழி, அடியில் துளையில்லாத பூந்தொட்டியாகவே அமைந்துவிடும். சுற்றிலும் தண்ணீர் இறங்காத சுவர், நடுவில் பஞ்சு போன்ற மண், அதில் நின்றுகொண்டிருக்கும் நீர். பினாங்கில் ஆயர் ஈத்தாமில் என் வீட்டுப் பின்புறத்தில் இதே முறையில் நட்டு இரண்டு மரங்களை நான் இழந்திருக்கிறேன். மூன்றாவதைக் குழியே தோண்டாமல் மேட்டில் நட்டேன், அது இன்றும் நிற்கிறது. களிமண் நிலத்தில் அவகாடோவுக்கு வேண்டியது இரண்டடி முதல் மூன்றடி வரை உயர்ந்த மேடு. அந்த மேடும் அங்குள்ள மண்ணையே கூட்டி எழுப்பியதாக இருக்க வேண்டும். கறுப்பு மண் பைகளை வண்டி வண்டியாக விற்பவருக்கு இந்த முறையில் வருமானம் இல்லை என்பதால், அவர் இதைச் சொல்ல மாட்டார்.

நிற்கும் மரத்தை மேடேற்ற முடியாது. தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும். ஆகையால் முதல் வேலையாக இந்த வாரமே அந்தக் கூரைக் குழாயை நீட்டி, தண்ணீரை நேரே கால்வாயில் விடுங்கள். அடுத்து, இலைப்பரப்புக்கு வெளியே, நிலம் சரியும் பக்கமாக ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டி, அதையும் அந்தக் கால்வாயோடு சேருங்கள்.

இனி ஈர்க்குமாற்றைப் பற்றிச் சொல்கிறேன். இதில் நான் சற்று அழுத்தமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தரையைப் பெருக்கி வைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். லயத்து வாசலில் சருகு கிடந்தால் அட்டையும் பாம்பும் வரும் என்று நம் பாட்டிமார் விடியுமுன் பெருக்கினார்கள். ரப்பர்த் தோட்டங்களிலும் தொடக்க காலத்தில் புல் பூண்டு இல்லாமல் சுரண்டிய வெறுந்தரைதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. மேல்மண் மழையில் கரைந்து போன பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடக் கற்றுக்கொண்டார்கள். வாசலைப் பெருக்குங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. மரத்தடி வாசல் அன்று. அவகாடோ மத்திய அமெரிக்கக் காடுகளில், விழுந்து மக்கும் இலைப்படுக்கையில் வேரை மேலெழுப்பி வாழ்ந்த மரம். அதன் ஊட்டவேர் மண்ணுக்குள் இருப்பதைவிட, மண்ணுக்கும் சருகுக்கும் இடைப்பட்ட அந்த நொறுங்கிய அடுக்கில் இருப்பதையே விரும்பும். நீங்கள் இப்படிப் பெருக்கும்போது அந்த அடுக்கு உருவாவதற்கே வழியில்லாமல் போகிறது. வெயிலும் மழையும் நேரே வேர்மேல் விழுகின்றன.

சருகு செய்யும் வேலை அதோடு முடிவதில்லை. மக்கும் இலையிலும் சுள்ளியிலும் பெருகும் நல்ல பூஞ்சைகள், அவற்றிலுள்ள செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைக் கரைப்பதற்கு ஒரு நொதியைச் சுரக்கின்றன. பூஞ்சைகளின் செல்சுவர் கைட்டின் என்ற வேறு பொருளால் ஆனது. ஃபைட்டோப்தோராவின் செல்சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது. ஆகவே சருகைக் கரைக்கும் அதே நொதி நோய்க்கிருமியின் சுவரையும் அரிக்கிறது. எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாத இந்தப் பாதுகாப்பு, நாள்தோறும் உங்கள் மரத்திலிருந்தே விழுந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதைக் கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைக்கிறீர்கள். சிலர் எரிக்கவும் செய்கிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, எரிவது மரத்தின் சாப்பாடு.

அவகாடோ, ரம்புத்தான் இரண்டின் சருகையும் சேர்த்து, மரத்தடி முழுவதும் அரையடி உயரத்துக்குப் பரப்புங்கள். இலைப்பரப்பின் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் வரை போகட்டும். தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறுமையாக விடுங்கள். கரையானும் பட்டை அழுகலும் வராது. சாலையோர மரங்களை வெட்டுபவர்கள் அரைத்துக் குவிக்கும் மரச் சில்லுகள் கிடைத்தால் அவற்றையும் கேட்டு வாங்கலாம். புல்வெட்டிய பச்சைப் புல்லைத் தடிமனாகப் போடாதீர்கள், அது படிந்து காற்றை அடைக்கும். தென்னை மட்டைத் துண்டுகள், சிரட்டைகள் வேண்டாம். அவற்றில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி சோதனைக்கு வரும் அதிகாரியிடம் சருகைக் காட்டி விளக்கத் தயங்காதீர்கள்; தண்ணீர் தேங்காத சருகில் கொசு வளராது. மக்கும் தென்னை, செம்பனைத் தண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள், காண்டாமிருக வண்டுக்கு அவைதான் பிரசவ அறை. சருகின் கீழே சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி ஜிப்சம் தூவலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வேருக்கு உதவும், மண்ணின் புளிப்பை அது மாற்றாது.

மருந்து வேண்டுமா என்றால், பொட்டாசியம் பாஸ்போனேட் என்ற ஒன்றை மட்டும் நான் ஏற்றுக்கொள்வேன். அது கிருமியைக் கொல்வதைவிட, மரத்தின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதில் வல்லது. பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவெண் உள்ள புட்டியாகப் பார்த்து வாங்கி, சீட்டில் உள்ள அளவிலேயே, துளிர் முற்றிய பிறகு இலையில் தெளியுங்கள். தண்ணீரைத் திருப்பாமல் இதை மட்டும் தெளித்தால் காசுதான் வீண். 65 வெள்ளி டானிக்கை வாங்க வேண்டாம். என்ன சத்து, எத்தனை விழுக்காடு என்று சீட்டில் எழுதப்படாத எதையும் மரத்துக்கு ஊற்றாதீர்கள். சாகும் நிலையிலுள்ள மரத்தைப் பூக்கத் தூண்டுவது மருத்துவமும் ஆகாது.

பூவைப் பற்றியும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்கள் படத்தில் தண்டு அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீராக இருக்கிறது. ஒட்டுக்கன்றாக இருந்தால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே சிறு முடிச்சோ, கோணலோ, பட்டையின் நிறமாற்றமோ தெரியும். உங்களுக்கு விற்றது விதைக்கன்று. அட்டையில் ‘ஹாஸ்’ என்று எழுதி ஒட்டுக்கன்றின் விலைக்கு விதைக்கன்றை விற்பதை நான் மோசடி என்றே சொல்வேன். ஹாஸ் என்பது கலிபோர்னியாவில் ஓர் அஞ்சல்காரரின் தோட்டத்தில் தோன்றி, 1935இல் காப்புரிமை பெற்ற ஒற்றை மரத்தின் வழிவந்த வகை. ஒட்டினால்தான் அது அதுவாக இருக்கும், விதையிலிருந்து வருவது வேறொரு மரம். மேலும் அது குளிர்ந்த மேட்டுநில இனங்களின் வாரிசு. நம் சமவெளியின் வெப்ப இரவுகளில் நன்றாகக் காய்ப்பதில்லை. இங்கே தாழ்நில மேற்கிந்திய இனத்தின் வழிவந்த, பெரிய, பளபளப்பான பச்சைத்தோல் பழம் தரும் மரங்களே பொருந்தும். விதைக்கன்று பூக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், நான்காம் ஆண்டில் பூ இல்லாதது மரத்தின் குறையும் அன்று, உங்கள் குறையும் அன்று.

இரண்டாவது மரம் இப்போது தேவையில்லை. அவகாடோப் பூ ஒரு நாள் பெண்ணாகவும் மறுநாள் ஆணாகவும் விரியும். சில வகைகள் காலையில் பெண், சில மாலையில் பெண். இரு வகையும் அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும் என்பது சரிதான். ஆனால் இரு நிலைகளும் ஒரே மரத்தில் சிறிது நேரம் ஒன்றுடன் ஒன்று கலப்பதால் தனிமரமும் காய்ப்பதுண்டு.

காய்ந்த இரண்டு கொம்புகளையும் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, வெயில் படும் கிளைகளில் நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். இலை உதிர்ந்த அவகாடோப் பட்டை வெயிலில் வெந்துவிடும். மூன்று மாதம் கழித்து, சருகை விலக்கி அதன் அடியில் உள்ள வேரைப் படமெடுத்து அனுப்புங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் உரத்தைப் பற்றி அப்போது எழுதுகிறேன். அதற்குள் பாதிக்கு மேல் கொம்புகள் காய்ந்துவிட்டால் மரத்தை எடுத்துவிடலாம். ஆனால் அதே இடத்தில் மீண்டும் அவகாடோ வேண்டாம், அங்கே ஒரு ஜம்பு வையுங்கள், புது அவகாடோவுக்கு வேலியோரத்தில் மேடு கட்டுவோம்.