சோற்றை விட வேண்டுமா, ஜிம்முக்குப் போக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 சென்ரிமீற்றர். போன மாதம் இரத்தம் சோதித்தபோது வெறுவயிற்றுச் சீனி 114, எச்.பி.ஏ.1.சி 6.1. பிரஷருக்கு லொசாட்டன் 50 மில்லிகிராம் குளிசை ஒன்று எடுக்கிறேன். அம்மாவுக்குச் சலரோகம். கனடாவில் இருக்கும் மச்சாள் சோறு, புட்டு, பாண் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தி 12 கிலோ குறைத்திருக்கிறார். என்னையும் அப்படியே செய்யச் சொல்கிறார். ஜிம்முக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. படி ஏறும்போது முழங்கால் நோகிறது. வீட்டில் இருந்தபடியே உடம்பைச் சீராக்க முடியுமா? குரக்கன் புட்டுக்கு மாறினால் போதுமா?

மருத்துவர் பதில்:

முடியும். ஜிம் தேவையில்லை. சோற்றை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

வெறுவயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையில், எச்.பி.ஏ.1.சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் அதைச் சலரோகத்துக்கு முந்திய நிலை என்போம். இரண்டு கணக்கிலும் நீங்கள் அதற்குள் நிற்கிறீர்கள். அம்மாவுக்கும் இருப்பதால் சும்மா விட்டுவிடக் கூடாது. இந்த நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் உடம்பை அசைப்பது, இந்த இரண்டையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. உங்களுக்கு 7 வீதம் என்றால் ஏறக்குறைய 5 கிலோதான். மச்சாளின் 12 கிலோவை நினைத்து மலைக்க வேண்டாம்.

நிறையைவிட எனக்குக் கவலை தருவது அந்த 96. எங்கள் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஒரே நிறையுள்ள ஐரோப்பியரையும் எங்களையும் ஒப்பிட்டால், எங்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு கூட. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியின் பெரும்பங்கை உள்ளே இழுப்பது தசைதான். அந்தத் தசையே குறைவாக இருக்கிற உடம்பில் ஒரு கோப்பை நிறையச் சோற்றைப் போட்டால் சீனி எங்கே போகும்? அதனால்தான் மாப்பொருளைக் குறைப்பதையும் தசையை வளர்ப்பதையும் நான் பிரித்துப் பேசுவதில்லை. பட்டினி கிடந்து மட்டும் நிறையைக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும். தராசு இறங்கும், உடம்பு பலவீனமாகும்.

நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆசிரியைமாரின் நாள் எனக்குத் தெரியும். காலையில் அவசரத்துக்குப் பாணும் சம்பலும், அல்லது சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும். இடைவேளையில் கன்ரீனில் ஒரு ரோல்ஸ். இரண்டு மணிக்கு வீடு வந்து, பசி தாங்காமல் குவித்த சோறு. பின்னேரம் தேத்தண்ணியும் பணிசும். வீட்டு வேலை எல்லாம் முடித்து இரவு ஒன்பது மணிக்குப் புட்டோ இடியப்பமோ, அப்புறம் படுக்கை.

இதில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது இரவுச் சாப்பாட்டில். 100 கிராம் அரிசி மாவில் 80 கிராம் அளவு மாப்பொருள் இருக்கிறது. ஒருவருக்கு அரைக்கால் கிலோ மாவில் புட்டு அவித்தால், படுக்கப் போகிற நேரத்தில் 100 கிராம் மாப்பொருள் உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 130 கிராமுக்குள் நின்றால்தான் மாப்பொருள் குறைந்த உணவு என்று சொல்வோம். இரவிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது, பாருங்கள்.

குரக்கன் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள் உண்டு. நார்ச்சத்தும் கல்சியமும் அரிசியைவிட அதிகம், அது நல்லதுதான். ஆனால் "குரக்கன்தானே" என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் அரிசிப் புட்டைவிட மோசம். ஒடியல் மாவும் அப்படித்தான். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தாலும் அதுவும் சீனிதான். நாள்தோறும் இரண்டு கரண்டிச் சீனியோடு நாலு தேத்தண்ணி குடிப்பவர், அதிலேயே 40 கிராம் எடுத்துவிடுகிறார். வெறும் தேத்தண்ணி முதல் இரண்டு கிழமை கசக்கும், பிறகு பழகிவிடும்.

அப்படியானால் இரவு என்ன சாப்பிடுவது? வீட்டாருக்குப் புட்டு அவித்தால் நீங்களும் ஒரு கைப்பிடி எடுங்கள், பரவாயில்லை. கோப்பையில் மிச்ச இடத்தை மீனும் மரக்கறியும் பிடிக்க வேண்டும். ஒரு நல்ல துண்டு மீன் அல்லது இரண்டு முட்டை, முருங்கையிலை வறை, கத்தரிக்காய் அல்லது பயிற்றங்காய்க் கறி, வல்லாரைச் சம்பல். பாரையும் சீலாவும் விலை என்றால் சூடையும் கீரியும் வாங்குங்கள். அவை சத்தில் குறைந்த மீன்கள் இல்லை, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். சொதியில் மாப்பொருள் குறைவு என்பதற்காகத் தேங்காய்ப்பாலை ஊற்றிக் குடிக்கவும் கூடாது. மாப்பொருளைக் குறைத்த சிலருக்குக் கெட்ட கொலஸ்ரரோல் ஏறுவதை நான் கண்டிருக்கிறேன்.

மத்தியானம் ஒரு கப் சோறு சாப்பிடுங்கள், சிவப்பரிசி கிடைத்தால் நல்லது. அதில் 45 கிராம் மாப்பொருள் இருக்கும். முதலில் மரக்கறியையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் சீனி ஏறும் வேகம் குறையும். காலையில் முட்டையோ ஒரு சிறு கோப்பை அவித்த பயறோ போதும். ரோல்ஸுக்குப் பதில் ஒரு பிடி கச்சானை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கொண்டு போங்கள். கறுத்தக்கொழும்பான் காலத்தில் பாதிப் பழம் சாப்பிடுங்கள், அன்றைக்குச் சோறு இன்னும் கொஞ்சம் குறையட்டும். யூஸ் அடிக்க வேண்டாம்.

விரத நாட்களும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தனியாக யோசிக்க வேண்டியவை. மீனும் முட்டையும் நிற்கும்போது அந்த இடத்தைச் சோறு பிடித்துவிடுகிறது. கடலை, கௌபி, பயறு, சோயாமீற், தயிர், இவற்றில் குறைந்தது இரண்டு தினமும் கோப்பையில் இருக்கட்டும்.

மச்சாள் செய்வது அநேகமாகக் கீற்றோ, அதாவது நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாப்பொருள். அவருக்குப் பலன் கிடைத்தது சந்தோசம். 2018 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், மாப்பொருள் குறைத்தவர்களும் கொழுப்புக் குறைத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு நிறைதான் இழந்தார்கள். வருடக்கணக்கில் கடைப்பிடிக்கக் கூடிய முறைதான் உங்களுக்கு நல்ல முறை. சோறு, புட்டு இல்லாத ஒரு யாழ்ப்பாண வீட்டில் நீங்கள் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் கிழமையில் ஒன்றிரண்டு கிலோ சட்டென்று இறங்கினால் துள்ளவும் வேண்டாம், பெரும்பகுதி தண்ணீர். பிறகு கிழமைக்கு அரைக் கிலோ என்றால் திருப்தி.

இனி உடற்பயிற்சி. உங்களுக்குத் தேவையானது ஒரு கதிரையும் ஒரு சுவரும்.

பிளாஸ்டிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும், ஆகவே கதிரையின் முதுகைச் சுவரோடு ஒட்ட வையுங்கள். நுனியில் இருந்துகொண்டு, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு ஊன்றி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முன்னே சாய்ந்து எழும்புங்கள். முழங்கால் உள்ளே மடங்காமல் பாதம் பார்க்கும் பக்கமே போக வேண்டும். இருக்கும்போது தொப்பென்று விழாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெல்ல இறங்குங்கள், தசை வளர்வதற்கு அந்த இறக்கம் மிக முக்கியம். எட்டுத் தடவை செய்து ஒரு நிமிடம் ஆறுங்கள், அப்படி மூன்று சுற்று. முழங்கால் நொந்தால் கதிரையில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். தொடைத் தசை பலப்படும்போது முழங்கால் நோவும் பெரும்பாலும் குறையும். எட்டு லேசாகிவிட்டால் பன்னிரண்டு, அதுவும் லேசானால் பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்புங்கள்.

அடுத்தது சுவரைத் தள்ளுதல். ஒரு கை நீளம் தள்ளி நின்று, கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, உடம்பைப் பலகைபோல நேராக வைத்து, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். லேசானதும் குசினி மேடைக்கு இறங்குங்கள், பிறகு படிக்கு, கடைசியில் நிலத்துக்கு. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவதையும் சேருங்கள், பிட்டத் தசைக்கு அது நல்லது.

வீட்டுப் பயிற்சிகளில் குறைவது இழுக்கும் பயிற்சி. உங்கள் வீட்டுக் கிணற்றில் கப்பியோ துலாவோ இன்னும் இருந்தால், மோட்டரை நிறுத்திவிட்டுக் குளிக்கும் தண்ணீரையாவது கையால் அள்ளுங்கள். முதுகுக்கும் கைக்கும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. மூச்சை மட்டும் அடக்காதீர்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அது கூடாது. இழுக்கும்போதும் எழும்பும்போதும் மூச்சை வெளியே விடுங்கள்.

இவற்றைக் கிழமையில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிடம் செய்யுங்கள். அதோடு தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒழுங்கையிலோ முற்றத்திலோ பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். அசைகிற தசை இன்சுலினை எதிர்பாராமலேயே சீனியை இழுத்துக்கொள்ளும், ஆகவே சாப்பிட்டவுடன் நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு.

உங்கள் பிரஷர் குளிசையைப் பற்றி ஒரு விடயம். மாப்பொருள் குறையும்போது உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும், பிரஷர் இறங்கும். எழும்பும்போது தலை சுற்றினால் பிரஷரை அளந்து, கிளினிக்கில் காட்டி, தேவையென்றால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1.சி, கொலஸ்ரரோல், சிறுநீரகச் சோதனை மூன்றையும் செய்யுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். சலரோகத்துக்கு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட், தொல்புட்டமைட் குளிசை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாப்பொருளைக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரோடு சீனியை வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்கள் கீற்றோப் பக்கமே போகக் கூடாது, சீனி அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் வாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, நோ கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, அப்படியே உட்கார்ந்துகொண்டு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.