பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

கேள்வி: நாட்டுக்கோழிக்குப் பன்னிரண்டு முட்டை அடை வைத்தேன்; ஐந்துதான் பொரித்தது. இடி இடித்ததால் கெட்டுவிட்டது என்கிறார் மாமியார். உண்மைக் காரணம் என்ன?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடிக்குப் பயந்து அடைக் கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் போடுவது பழைய வழக்கம். அதனால் கெடுதலும் இல்லை, போடட்டும்.

மிஞ்சிய ஏழு முட்டையையும் உடைத்துப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். கருவே இல்லாமல் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் கூமுட்டை, அதாவது சேவல் சேராத முட்டை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும், அதுவும் கிழடாக இருக்கக் கூடாது. ரத்த வளையத்தோடு நின்றிருந்தால் முட்டை பழசு, அல்லது முதல் வாரத்தில் சூடு விட்டுப்போயிருக்கிறது. முழுக் குஞ்சு உள்ளேயே செத்திருந்தால் கடைசி நாட்களில் கோழி எழுந்து போயிருக்கும், அல்லது கூடை வறண்டிருக்கும்.

கோழி எழுந்து போவதற்குப் பெரும்பாலும் செள்ளு என்னும் ரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சிதான் காரணம். பகலில் நன்றாகப் படுத்திருப்பதுபோல் தெரியும். இரவில் கடி தாங்காமல் எழுந்துவிடும். எனவே அடுத்த முறை கூடையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பழைய மணலைக் கொட்டிவிட்டு, மூன்று அங்குலத்துக்குப் புது மணலும் சாம்பலும் கலந்து போட்டு நடுவில் குழியுங்கள். மேலே கொஞ்சம் வைக்கோல், அடியில் ஒரு பிடி வேப்பிலை அல்லது நொச்சி. இருட்டு மூலையில், பூனையும் பாம்பும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது. கோடையில் நான்கைந்து நாள்தான். கழுவாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்தது வேண்டாம். சிறிய கோழிக்குப் பத்து போதும், ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: சிலந்திபோல் நரம்பு ஓடினால் கரு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். தினமும் ஒருமுறை இறங்கித் தின்று எச்சமிட விடுங்கள், கால் மணி போதும். கோடையானால் 18ஆம் நாளிலிருந்து கூடையைச் சுற்றி லேசாக நீர் தெளியுங்கள், முட்டை மேல் வேண்டாம். 21ஆம் நாள் பொரிக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் பஞ்சாரத்துக் (கோழி அடைக்கும் கூடை) குஞ்சுகள் இரண்டு மூன்று வாரத்தில் ரத்தமாகக் கழிந்து சாகின்றன. குளிர்தானா?
- வாசகர், செங்கம்

பதில்: குளிர் மட்டுமல்ல, ஈரத் தரை. ரத்தக் கழிச்சல் கிருமி ஈரத்தில்தான் பெருகும். பஞ்சாரத்தைத் திண்ணையில் ஏற்றி, இரண்டு அங்குலம் உமி பரப்பி, தினமும் கிளறுங்கள். நனைந்த இடத்து உமியை அன்றன்றே அள்ளுங்கள். பெரும்பாலும் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் நனையும், தட்டைச் செங்கல் மேல் வையுங்கள். சாக்கு போர்த்தும்போது காற்றுக்கு ஒரு பக்கம் இடம் விடுங்கள். கழிச்சல் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள், மறுநாள்வரை பொறுக்காது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) வேறு நோய், அதற்குக் குஞ்சு பொரித்த ஏழாம் நாளே கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்துச் சொட்டு விட்டுவிடுங்கள்.